ஜப்பான் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் என்ன பாட்டுப் பாடுகிறார்கள்?

மதியம் பன்னிரண்டரை இருக்கும். ஜப்பானில் ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு தொடக்கப் பள்ளி. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்ட நாலைந்து பிள்ளைகள் பெரிய பாத்திரத்திலிருந்து சூப்பை மொண்டு மொண்டு கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். இன்று பரிமாறும் முறை அவர்களுடையது. சாப்பாடு வகுப்பறையிலேயேதான். மேசைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஆசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஆளுக்கு 200 மில்லி பால். எல்லோரும் கைகூப்பி, சாப்பிடும் முன் நன்றியாகச் சொல்லும் 'இதடகிமாஸ்' சொன்னதும் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி கரகரக்கிறது. பள்ளி ஒலிபரப்புக் குழுவில் இருக்கும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுகிறார்கள். இன்றைய சாப்பாட்டில் என்னென்ன, நாளைக்கு யாருக்கு என்ன வேலை என்று ஓர் அறிவிப்பு. பிறகு, இன்றைய விருப்பப் பாடல்.

சின்னப் பிள்ளைகள்தானே, நிலாவையும் காக்காயையும் கூப்பிடும் பாட்டாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒலிபெருக்கியில் வருவது பெரும்பாலும் காலேஜ் படிக்கும் அக்காவும் வேலைக்குப் போகும் அப்பாவும் காதில் மாட்டிக்கொண்டு திரியும் அதே பாட்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அது எப்படி அவர்களுடைய பாட்டாக ஆகிறது என்பதை ஜே-பாப் எனும் ஜப்பானிய பாப் இசையின் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஜப்பானில் சிறுவர் பாட்டுக்குப் பழைய கிளைகள் இரண்டு உண்டு. பள்ளிப் பாடத்துக்காக அரசு தொகுத்தவை 'ஷோகா'. 1880களில் முதல் தொகுப்பு வந்தது. அதில் பல மெட்டுகள் மேற்கிலிருந்து கடன் வாங்கியவை. அவை உபதேசம் செய்கின்றன, பிள்ளைகளின் மனசு அதில் இல்லை என்று கவிஞர்கள் முகம் சுளித்தார்கள். 1918இல் தொடங்கிய 'அகாய் தோரி' என்ற சிறுவர் இதழை ஒட்டி அவர்கள் எழுதத் தொடங்கியவை 'தோயோ'. இன்றைக்கும் இசைப் பாடத்தில் வகுப்புக்கு நான்கு வீதம், ஆறு வகுப்புக்கும் சேர்த்து 24 பாட்டு எல்லாப் பள்ளிக்கும் பொது. முதல் வகுப்பில் நத்தையைப் பற்றி ஒன்று, ஆறாம் வகுப்பில் சொந்த ஊரை நினைத்து ஏங்குகிற, 1914இல் வந்த ஒன்று. அதனால் ஜப்பானில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பாட எப்போதும் சில பாட்டு இருக்கும். ஆனால் அது வகுப்பில் கற்றுக்கொடுத்து வருவது. பிள்ளைகள் தாங்களாகவே பொறுக்கி எடுத்துக்கொள்ளும் பாட்டு வேறு கணக்கு.

பள்ளியில் சேர்வதற்கு முன்னால் எல்லோருக்கும் அன்பான்மான்தான். இனிப்புப் பயறு விழுது அடைத்த பன்னைத் தலையாகக் கொண்ட கார்ட்டூன் நாயகன் அவன். 1988இலிருந்து தொலைக்காட்சியில் பறந்துகொண்டிருக்கிறான். முதல் வகுப்பில் கால் வைத்ததும் பிள்ளைகள் அவனைக் கைகழுவிவிடுகிறார்கள். 'அது பாப்பாக்கள் பாட்டு.' நேற்று வரை பால் பாட்டில் தூக்கிய பிள்ளை இன்றைக்குத் தம்பியைப் பார்த்து 'சின்னப் பையன்' என்று சொல்லுமே, அதே கதை. ஆக, பிள்ளைகளுக்காகவே என்று பெயர் ஒட்டி விற்கும் பாட்டு தொடக்கப் பள்ளியில் அவ்வளவாக எடுபடாது. பெரியவர்கள் பாட்டாகவும் இருக்க வேண்டும், தங்களால் ஆடவும் பாடவும் முடிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் சேரும் இடத்தில்தான் நாம் பேசப்போகும் பாட்டெல்லாம் இருக்கின்றன.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1976இல் பிங்க் லேடி என்று இரண்டு பெண்கள் பாட வந்தார்கள். குட்டைப் பாவாடையும் மினுமினுப்புமாகப் பெரியவர்கள் பார்ப்பதற்கென்று அமைத்த மேடை. ஆனால் அவர்கள் கையசைப்பை நாடு முழுக்க வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். தலைக்குப் பின்னாலிருந்து கையை எழுப்பிப் பறக்கும் தட்டைக் காட்டும் 'யூஎஃப்ஓ' பாட்டின் முத்திரையை இன்று ஐம்பதைத் தாண்டிய ஜப்பானியப் பெண்களிடம் கேட்டால் யோசிக்காமல் செய்து காட்டுவார்கள்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. பிள்ளைகள் நிகழ்ச்சிக்கென்று எழுதிய பாட்டைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1975 டிசம்பர் 25 அன்று வந்த 'ஓயொகே! தாய்யாகி-குன்' இசைத்தட்டு 45 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பானில் இதுவரை எந்தத் தனிப்பாட்டு இசைத்தட்டும் அதைத் தாண்டியதில்லை. தாய்யாகி என்பது மீன் வடிவ இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவில் இனிப்புப் பயறு வைத்துச் சுடும் தெருப் பண்டம். தினம் தினம் இரும்புத் தகட்டில் வேகிறோமே என்று வெறுத்துப்போன ஒரு தாய்யாகி, கடைக்கார மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டு கடலுக்கு ஓடிவிடுகிறது. நீந்துகிறது, சந்தோஷப்படுகிறது, கடைசியில் தூண்டிலில் மாட்டி ஒருவர் வாயில் போய்ச் சேருகிறது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. தினமும் ரயிலில் நசுங்கி அலுவலகம் போய்வந்த அப்பாக்களுக்கு அது தங்கள் கதை. பாடிய ஷிமோன் மசாதோவுக்குக் கிடைத்ததோ ஒரே தடவை கொடுத்த 50,000 யென். விற்பனையில் பங்கு கிடையாது. மாமாவோடு சண்டை போட்டது யார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

1999 மார்ச்சில் வந்த 'தாங்கோ சான் க்யோதாய்'யும் இப்படித்தான். குச்சியில் குத்திய மூன்று அரிசிமாவு உருண்டைகள் அண்ணன் தம்பிகளாகப் பேசிக்கொள்ளும் பாட்டு. உருண்டைக்குப் பெயர் தாங்கோ, மெட்டு டேங்கோ. ஜப்பானியக் காதுக்கு இரண்டு பெயரும் ஒட்டி ஒட்டி ஒலிக்கும் என்பதுதான் முழு நகைச்சுவையும். ஏறத்தாழ 29 லட்சம் தட்டு விற்றது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ஒரே ஒரு பாட்டைக் கேட்டு இந்த உலகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் 'பாப்ரிகா'வைக் கேளுங்கள். குடைமிளகாய்தான், வேறொன்றுமில்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கை எதிர்நோக்கி, பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2018இல் யொனெசு கென்ஷியிடம் பிள்ளைகள் ஆடிப் பாட ஒரு பாட்டுக் கேட்டது. யொனெசு அப்போதே பெரிய நட்சத்திரம். முன்முடி கண்ணை மறைக்க, துக்கமும் விநோதமும் கலந்த பாட்டு எழுதுகிறவர். அவர் பிள்ளைகளுக்காகத் தன் பாஷையைத் தணித்துக்கொள்ளவில்லை. மெட்டு பழைய ஜப்பானிய ஐந்து சுர வாசனையோடு, அந்தி மயங்கும் நேரத்துக் காட்டுப்பாதை மாதிரி இருக்கும். விளையாட்டு, வெற்றி, பதக்கம் என்ற பேச்சே இல்லை. பாடியவர்கள் ஃபூரின் என்ற ஐந்து சிறுவர் சிறுமியர். ஃபூரின் என்றால் கோடைக்காலத்தில் வீட்டு வாசலில் தொங்கும் காற்றுமணி.

பாட்டைவிட ஆட்டம்தான் முக்கியம். நடனம் அமைத்த சுகவாரா கொஹாருவும் துஜிமோதோ தொமொஹிகோவும் தொழில்முறை மேடைக்காரர்கள். வரிசையாக நின்று ஒரே அச்சில் ஆடவைக்கும் பள்ளி ஆண்டுவிழா நடனத்தை அவர்கள் போடவில்லை. ஓடுவது, குதிப்பது, ஏதோ ஒன்றை எட்டிப் பிடிப்பது, அள்ளி வீசுவது என்று பிள்ளைகள் மைதானத்தில் தாமாகச் செய்வதையே கோத்திருக்கிறார்கள். ஒருவன் கை சற்று முன்னே போனாலும் பின்னே வந்தாலும் கெட்டுப்போகாத ஆட்டம். ஆடத் தெரியாத பிள்ளை என்று ஒன்று அதில் இருக்கவே முடியாது. 2019இல் பள்ளிக்குப் பள்ளி அது ஒலித்தது. அந்த டிசம்பர் 30 அன்று ஜப்பான் ரெக்கார்ட் விருதின் முதல் பரிசை ஃபூரின் வாங்கியது. அந்த விருதின் வரலாற்றிலேயே இத்தனை சின்ன வயதினர் வாங்கியது அதுதான் முதல் முறை. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. 2021இல் ஃபூரினும் கலைந்தது. பாட்டு பள்ளியிலேயே தங்கிவிட்டது.

ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஜப்பானியப் பிள்ளை இசைக்கு உடம்பை அசைக்க ரொம்பச் சீக்கிரம் பழகிவிடுகிறது. ராஜியோ தாய்சோ என்று வானொலி உடற்பயிற்சி ஒன்று 1928இலிருந்து இருக்கிறது. இப்போது எல்லோருக்கும் தெரிந்த 'முதலாம் பயிற்சி' 1951இல் வந்தது. கோடை விடுமுறையில் காலை ஆறரை மணிக்குப் பக்கத்துப் பூங்காவில் கூடி, பியானோ இசைக்குக் கை கால் வீசி, கழுத்தில் தொங்கும் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு போவார்கள். அட்டை நிறைந்தால் ஏதாவது சின்னப் பரிசு. 2014இல் 'யோகாய் வாட்ச்' என்ற பேய்க் கார்ட்டூன் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியபோது அதன் பாட்டு ஒன்றுக்கு 'யோகாய் தாய்சோ முதலாம் பயிற்சி' என்றே பெயர் வைத்தார்கள். பேய்களுக்கான வானொலி உடற்பயிற்சி. பெயரைக் கேட்டதும் ஏழு வயசு சிரிக்கும். கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, கால் தானாக எழும்.

இதோடு உந்தோகாய் சேர்கிறது. ஜப்பானியப் பள்ளி விளையாட்டு விழா அது. மே, ஜூன் வாக்கிலோ இலையுதிர் காலத்திலோ நடக்கும். அப்பா அம்மா தாத்தா பாட்டி எல்லாம் மைதான ஓரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டப்பந்தயத்துக்கு ஒலிக்கும் இசை இன்னமும் ஓஃபன்பாக், கபலெவ்ஸ்கி என்று ஐரோப்பாக்காரர்களுடையது. அது மாறவே மாறாது போலிருக்கிறது. ஆனால் வகுப்பு வகுப்பாக ஆடும் நடனத்துக்கு மேல் வகுப்புகளில் ஹொக்காய்தோ மீனவர்களின் 'சோரான் புஷி', கீழ் வகுப்புகளில் அந்த ஆண்டின் ஹிட் என்பது பல பள்ளிகளில் வழக்கம். பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அவர் பார்ப்பது மூன்றே விஷயம்: பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், நூறு பேர் ஒரு மாதத்தில் கற்க முடிய வேண்டும், வரிகளில் பெற்றோர் புருவம் உயர்த்தும் சங்கதி இருக்கக் கூடாது. 2018இல் டா பம்ப் குழுவின் 'யு.எஸ்.ஏ.' இப்படித்தான் மைதானத்துக்கு வந்தது. 1992இல் வந்த, யூரோபீட் எனும் வேகமான ஐரோப்பிய நடன இசைப் பாட்டு ஒன்றின் மறுபதிப்பு அது. கட்டைவிரலை உயர்த்தி ஒற்றைக் காலில் குதிக்கும் அசைவு யாருக்கும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். 2020இல் நிஜியூ என்ற ஒன்பது பெண்கள் குழு, கயிறு தாண்டுவது போன்ற அசைவோடு வந்தது. குளிர்காலத்தில் பள்ளியில் கயிறு தாண்டி அட்டையில் நிலை நிலையாக ஏறுகிற சிறுமிகளுக்கு அந்த அசைவு ஏற்கெனவே கைவந்தது. 2024இல் கிரீப்பி நட்ஸின் 'பிளிங்-பாங்-பாங்-பார்ன்'. ஒரு ராப் பாடகரும் ஒரு டி.ஜே.யும் சேர்ந்த இருவர் அணி. 'மாஷ்லே' என்ற அனிமேயின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின், இரண்டாம் பருவத் தொடக்கப் பாட்டு. முழங்கால் ஆட்டமும் கையசைப்பும் செல்பேசித் திரையிலிருந்து பள்ளி வராந்தாவுக்கு ஒரே வாரத்தில் குதித்தன என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அந்த ராப்பை ஓர் எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தடுக்காமல் சொல்கிறது? இங்கே மொழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ் வாசகருக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நம்மிடம் மாத்திரை இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஜப்பானிய மொழியிலும் அதே கணக்குத்தான். நாம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை கொடுப்போம். அவர்கள் 'ன்'னுக்கும், இரட்டித்து வரும் மெய்க்கும் தாராளமாக முழுசாக ஒன்று கொடுத்துவிடுவார்கள். நிப்பொன் என்ற நாட்டின் பெயரை அவர்கள் எண்ணினால் நி, ப், பொ, ன் என்று நாலு தட்டு. பழைய பள்ளிப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அதனால்தான் அவை நிதானமாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நடக்கும். இன்றைய பாட்டில் ஒரு தாள அடிக்குள் நாலைந்து தட்டுகளைத் திணிக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மூச்சு முட்டும். பிள்ளைக்கோ அது 'ஓடுற நரியில ஒரு நரி சிறுநரி' சொல்கிற மாதிரி நாக்குப் பந்தயம். யார் தடுக்காமல் முடிக்கிறார்கள் என்பதே விளையாட்டு. முடித்தவன் அன்றைக்கு வகுப்பில் ராஜா.

இன்னொரு சொத்தும் நம்மோடு பொது. சலசல, மினுமினு, கடகட என்று இரட்டைக்கிளவி நமக்கு இருப்பது போல அவர்களுக்கும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. கிராகிரா என்றால் மினுமினுப்பு. தொகிதொகி என்றால் படபடப்பு. கெரகெர என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பு. யோகாய் வாட்சின் முதல் தொடக்கப் பாட்டின் பெயரே இந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் தொடங்கும். பொருள் தெரியாத சொல்லுக்கும் இந்த இரட்டை ஒலி பிடி கொடுக்கிறது. பிள்ளை முதலில் அதைப் பற்றிக்கொண்டுதான் மீதி வரிக்குள் இறங்குகிறது.

வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சப்போரோவில் தொடங்குகிறது. 2007 ஆகஸ்ட் 31 அன்று அந்த ஊரின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் ஹட்சுனே மிகு என்ற மென்பொருளை வெளியிட்டது. யமஹாவின் வோகலாய்டு தொழில்நுட்பத்தில் ஓடும் பாடும் இயந்திரம். நீலப்பச்சை இரட்டைச் சடையோடு ஒரு பெண் அதன் முகம். வீட்டிலிருந்தபடியே கணினியில் மெட்டும் வரியும் தட்டினால் மிகு பாடிவிடுவாள். அவளுக்கு மூச்சு வாங்காது, தொண்டை கட்டாது, உச்சஸ்தாயியில் குரல் உடையாது. ஆகவே எழுதியவர்கள் மனிதர் பாட முடியுமா என்று கவலைப்படாமல் எழுதித் தள்ளினார்கள். அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், 'முடியுமே' என்று பாட ஆரம்பித்தார்கள். யொனெசு கென்ஷி முதலில் 'ஹச்சி' என்ற புனைபெயரில் மிகுவுக்குப் பாட்டெழுதியவர். யோஅசோபி என்ற இசை அணியின் அயசேவும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். முகம் காட்டாத பாடகி அடோ அந்தப் பாட்டுகளை வீட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து பாடிப் பாடித் தேறியவர். இன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்கும் பாட்டுகளில் பாதியைப் பிடித்து இழுத்தால் நூலின் மறுமுனை அந்த இயந்திரப் பெண்ணிடம் இருக்கும்.

அடோவின் பெயர் வந்துவிட்டதால் 'உஸ்ஸேவா'வைச் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபர் 23 அன்று வந்தது. மறுநாள் அவருக்குப் பதினெட்டு வயது. தலைப்பைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'தொணதொணக்காதே'. பாடப்பட்ட விதத்தில் சொன்னால் அதைவிட இரண்டு படி கீழே. நல்ல பிள்ளையாகவே வளர்ந்து வேலைக்குப் போன ஒருத்தி, அலுவலக விருந்தில் பெரியவர் கிளாஸ் காலியானால் ஊற்ற வேண்டும் என்பது போன்ற எழுதாத சட்டங்களைக் கேட்டுக் கேட்டுப் பொறுமையிழந்து கத்துகிறாள். எட்டு வயதுக்கு அலுவலக விருந்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வீட்டுப்பாடம் எழுதினாயா என்று அம்மா கேட்டால் அந்த ஒற்றைச் சொல்லைப் பாட்டாகவே திருப்பிக் கொடுக்கத் தெரிந்தது. பாட வேண்டாம் என்று சொல்வதா, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விடுவதா என்று பெற்றோரிடையே பெரிய விவாதமே நடந்தது.

எனக்குத் தோன்றுவது ஒன்று. அந்த ஆண்டு ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கோவிட் காலம். மேசைகளைச் சேர்க்கக் கூடாது. எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி வாய் திறக்காமல் சாப்பிட வேண்டும். 'மொகுஷொகு', மௌனச் சாப்பாடு, என்று அதற்குப் பெயரே வந்தது. இசை வகுப்பிலும் பாடுவதையும் குழல் ஊதுவதையும் தவிர்க்கச் சொன்னார்கள். வாயைக் கட்டிப்போட்ட ஆண்டில், தொண்டை கிழியக் கத்துகிற பாட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதே ஆண்டு நாடெங்கும் ஒலித்த இன்னொன்று யோஅசோபியின் 'யோரு நி ககேரு'. சிறுகதைகளைப் பாட்டாக்குவதையே வேலையாகக் கொண்ட இருவர் அணி அது. அயசே எழுதுவார், இக்குரா பாடுவார். சி.டி. வெளியிடாமலே 2020ஆம் ஆண்டின் பில்போர்டு ஜப்பான் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்தப் பாட்டு. துள்ளலான பியானோ, தெளிந்த குரல். மூலக்கதையோ உயிரை விடத் துடிக்கும் ஒருத்தியைப் பற்றியது. பின்னாளில் பேய்வேகத்தில் ஓடிய அவர்களுடைய 'ஐடல்' பாட்டும் கொலை வரும் ஓர் அனிமேவுக்கு எழுதியது. 'டீமன் ஸ்லேயர்' அனிமே படத்துக்கு லீசா பாடிய 'ஹொமுரா'வும் ஒரு மரணத்தின் அழுகை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் துணையோடு பாருங்கள் என்று சான்றிதழ் வாங்கிய படம்தான் 4,000 கோடி யென்னுக்கு மேல் அள்ளியது. பிள்ளைகள் ஒன்றும் வீட்டில் விட்டுவரப்படவில்லை.

இவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2024இல் வந்த 'ஹாய் யொரொகொந்தே'. பாடியவர் கொச்சி நோ கெந்தோ. நடிகர் சுதா மசாகியின் தம்பி. தலைப்பின் பொருள், 'இதோ, சந்தோஷமாகச் செய்கிறேன்'. இஸகாயா எனும் மதுக்கடைகளில் ஏதாவது கேட்டால் பணியாள் உரக்கக் கூவும் பதில் அது. காணொளி பழைய கார்ட்டூன் பாணியில் இருக்கும், அதில் 'கிரிகிரி நடனம்' என்று ஓர் ஆட்டம் வரும். கிரிகிரி என்றால் விளிம்பில், இன்னும் ஓர் அங்குலம் போனால் கீழே என்கிற நிலை. பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் ஒலியே போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வீடு ஆடித் தீர்த்தார்கள். நடுவில் ஓரிடத்தில் தொன்-தொன்-தொன், ட்சூ-ட்சூ-ட்சூ, தொன்-தொன்-தொன் என்று வரும். ஜப்பானியர் தந்தி மொழியின் புள்ளியைத் தொன் என்றும் கோட்டை ட்சூ என்றும் வாசிப்பார்கள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. கப்பல் முழுகும்போது அனுப்பும் எஸ்.ஓ.எஸ். எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டித் தலையாட்டி நொறுங்கிப்போகிறவருக்காக எழுதிய பாட்டு அது. ஆறு வயதுப் பிள்ளை அதை 'தொன் தொன் தொன்' என்று மேசையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அர்த்தம் தெரியவில்லை என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உதவி கேட்க ஒரு தாளம் இருக்கிறது என்பது அதன் விரலுக்குத் தெரிந்துவிட்டதே.

சோகமெல்லாம் இல்லாத பக்கமும் உண்டு. 'அழகாய் இருப்பதற்கு மன்னிக்கவும்' என்ற ரகத்தில், தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் 'கவாய்' பாட்டுகள் சில ஆண்டுகளாகச் சிறுமிகளிடம் கொடிகட்டிப் பறக்கின்றன. ஹனிவொர்க்ஸ், ஃபுரூட்ஸ் ஸிப்பர் என்று பெயர்கள். இனிப்புக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது.

குழுக்களில் இப்போது முன்னால் நிற்பது மிசஸ் கிரீன் ஆப்பிள். ரெக்கார்ட் விருதை 2023லும் 2024லும் அடுத்தடுத்து வாங்கியவர்கள். ஜப்பானியர் நீளமான பெயரை முழுசாகச் சொல்லும் வழக்கமில்லை. பிள்ளைகளுக்கு இவர்கள் வெறும் 'மிசெஸு'. 'மிக்ஸ்டு நட்ஸ்' பாடிய அஃபிஷியல் ஹிகே டான்டிஸம் 'ஹிகேதான்'. இந்த இரண்டு குழுவிலும் பாடும் ஆண்களின் குரல் உச்சியில் போய் நிற்கும். காரியோக்கி அறையில் அப்பாக்கள் சுருதியைக் கீழே இறக்கித் தடுமாறும்போது, குரல் உடையாத பத்து வயதுப் பையன் மூலச் சுருதியிலேயே அலட்டாமல் பாடிவிடுவான். வீட்டில் அப்பாவை ஜெயிக்க ஒரு விஷயமாவது வேண்டாமா?

நடைமுறைக் கேள்வி ஒன்று பாக்கி. இவ்வளவு பெரிய கம்பெனிப் பாட்டுகளை எல்லாம் பள்ளிகள் இப்படி இஷ்டத்துக்குப் போடலாமா, காப்புரிமை இல்லையா? ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இதற்கு வழிவிட்டிருக்கிறது. லாப நோக்கம் இருக்கக் கூடாது, கேட்பவரிடம் காசு வாங்கக் கூடாது, பாடுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. அப்படியானால் அனுமதியின்றிப் போடலாம், பாடலாம், ஆடலாம். அதே விளையாட்டு விழாவைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். தார்ப்பாயில் உட்கார்ந்து செல்பேசி தூக்கும் பெற்றோர் பலருக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு தெளிவில்லை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர் பாப்ரிகாவில் தொடங்கலாம். ஃபூரின் பாடியதைக் கேட்டுவிட்டு, அதே பாட்டை யொனெசு தானே பாடியதையும் கேளுங்கள். முதலாவதில் மதிய வெயில் இருக்கும், இரண்டாவதில் அந்தி இறங்கியிருக்கும். பிறகு தாய்யாகி. பிறகு உங்களுக்குப் பொறுமை இருந்தால் 'பிளிங்-பாங்-பாங்-பார்ன்'. வரி வரியாக மொழிபெயர்ப்பைத் தேட வேண்டாம். முதல் தடவை தாளத்தை மட்டும் மேசையில் தட்டிப் பாருங்கள். அங்கே பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் உள்ளே போகிறார்கள்.

அந்தப் பாட்டுகள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் ரெக்கார்டர் குழல் வரும். முதலில் சொல்லிக்கொடுப்பது ஸி, லா, ஸோ என்று மூன்றே சுரம். நம் கணக்கில் நி, த, ப. புத்தகப் பையிலிருந்து அந்தக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஒரு பிள்ளை அந்த ஆண்டின் ஹிட் பாட்டைத் தானாகவே துழாவிப் பார்க்கும். நாலு சுரம் சரியாக விழும். ஐந்தாவது, ஓட்டையைப் பாதி மூட வேண்டிய இடம், அதை இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே 'பீ' என்று பிசிறும். மறுபடி முதலிலிருந்து ஊதும். அதே இடத்தில் மறுபடி 'பீ'. தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.